கூலி கமிட்டியில் நான் பேசின பேச்சு

காலைக் கொஞ்சம் அந்தப் பக்கம் மடக்கிக்கிடுங்க சார். கீழ கிடக்கது தோசைக்கல்லு. பிரேக் போட்டான்னா நேரா உங்க கரண்டைக்கால்லதான் வந்து மோதும். கனம் கூட. கண்டக்டர் அதுக்கும் ஒரு டிக்கெட் கிழிச்சிட்டான். கல்லு என்ன சீட்ல உக்காந்தா வருது? கேட்டா ரூல்ஸுங்கான். ரூல்ஸுன்னு எவனாவது வாயெடுத்தாலே இப்பல்லாம் எனக்கு ஆகாது.

நீங்க எங்க, சங்கரன்கோவிலா? பாங்க்குக்கு மாத்தலாகி வாரியளா! நல்லதாப் போச்சு. தேரடிப் பக்கம் வந்து மனோரஞ்சிதம் டிபன் சென்டர் எங்கன்னு கேளுங்க, ஆடு மேய்க்கிறவன்கூடக் கையைக் காட்டுவான். நான்தான் முதலாளி. பேரு கோமதிநாயகம். மனோரஞ்சிதம் எங்க அம்மா பேரு இல்ல, வீட்டுக்காரி பேரும் இல்ல. கடையை எனக்கு வித்தவரோட மக பேரு. போர்டை மாத்தினா செலவுன்னு அப்படியே விட்டுட்டேன். என் வீட்டுக்காரி ஆவுடையம்மா இன்னைக்கு வரைக்கும் அதைச் சொல்லிக் காட்டுதா. ‘எவளோ ஒருத்தி பேர்ல சோறு போடுதிய’ம்பா. சோறு யாரு பேர்ல போட்டா என்ன, உப்பு இருந்தாச் சரிதான்?

உங்ககிட்ட ஒரு நியாயம் கேக்கணும் சார். பனவடலி தாண்டுறதுக்குள்ள சொல்லி முடிச்சிருவேன். நீங்க படிச்சவிய. கேட்டுட்டு நான் செஞ்ச தப்பு என்னன்னு சொல்லுங்க. எங்க ஓட்டல் முதலாளிக சங்கத்துல இருந்து என்னைய நீக்கிட்டாவ. காரணம் கேட்டா, ‘உமக்கே தெரியும்வே’ங்காவ. எனக்குத் தெரிஞ்சா நான் ஏன் கேக்கப் போறேன்?

போன வருஷம் ஆடித்தபசுக்கு முந்தி நடந்தது. எங்க ஊர்ல அது பெரிய திருவிழா, சனம் கொட்டும். அந்த நேரம் பார்த்து உளுந்து ஏறிச்சு, எண்ணெய் ஏறிச்சு, சிலிண்டர் ஏறிச்சு. தக்காளியைப் பத்திப் பேசவே வேண்டாம். சாப்பிட்டவன் இலையில தக்காளியை ஒதுக்கி வச்சிருந்தா, எடுத்துக் கழுவி மறுபடியும் சாம்பார்ல போட்டுரலாமான்னு பார்த்த காலம் அது. சும்மா சொன்னேன் சார், முகத்தைச் சுளிக்காதிய. அப்படியெல்லாம் செய்யல.

தோசை விலையை ஏத்தினேன். நாப்பது ரூவாயா இருந்ததை அம்பத்தஞ்சு ஆக்கினேன். இதுல என்ன தப்பு? எல்லாம் ஏறுது, தோசை மட்டும் கல்லுலயே கிடக்குமா? ஆனா எங்க கடையில ஒரு ரிட்டயர்டு கோஷ்டி உண்டு. வெள்ளன வந்து, ஆளுக்கொரு காப்பியை வச்சுக்கிட்டு, பேப்பர்ல கல்யாண விளம்பரம் வரைக்கும் படிச்சிட்டுத்தான் எந்திரிப்பாவ. பென்ஷன் வாங்குதவிய. அவிய அம்புட்டுப் பேரும் கடை வாசல்ல நின்னு ‘பகல் கொள்ளை, பகல் கொள்ளை’ன்னு கோஷம் போட ஆரம்பிச்சிட்டாவ. கேபிள் டிவிக்காரன் காமெராவைத் தூக்கிட்டு வந்துட்டான்.

நான் அப்ப அடுப்படியில நிக்கேன். உத்தண்டு மிளகா வத்தலை எண்ணெய்ல போட்டு வறுத்துக்கிட்டு இருக்கான். உத்தண்டுங்கது எங்க தோசை மாஸ்டர். நான் கடையை வாங்கையில போர்டு மாதிரி கடையோட சேர்ந்தே வந்தவன். வத்தல் நெடின்னா நெடி, அப்படி ஒரு நெடி. கண்ணுல தண்ணி தாரை தாரையா ஊத்துது. அப்படியே வெளிய வந்தேன், மைக்கை மூக்குக்கு நேரா நீட்டிட்டான். எனக்கு எங்க இருந்துதான் அந்தப் பேச்சு வந்துச்சோ!

‘அய்யா, பெரியவங்களே, நீங்களே சொல்லுங்க. இன்னைக்கு ஒரு மனுஷன் மூணு வேளை வயிறாரத் தின்ன முடியுமா? அரிசி என்ன விலை, பருப்பு என்ன விலை? ஒரு குடும்பத்துல நாலு உசுரு இருந்தா அந்த வீட்ல அடுப்பு எப்படி எரியும்? புள்ளைகுட்டிக்காரன் எப்படிப் பிழைப்பான்? பழைய காசை வச்சு இன்னைக்கு எவனாலயும் வாழ முடியாது. சர்க்கார் கண்ணைத் தொறந்து பாக்கணும்!’

கண்ணுல தண்ணி வேற ஊத்துதா, பார்த்தவன் பூராம் கரைஞ்சு போயிட்டான். கோஷம் போட்டவரு ஒருத்தரே என் தோளைத் தட்டிக் கொடுத்தாரு. அன்னைக்கு ராத்திரிக்குள்ள அந்த வீடியோ தென்காசி, ராஜபாளையம்னு சுத்தி, துபாய்ல இருக்க என் மச்சான் பார்த்துட்டு போன் போடுதான், ‘அத்தான், உங்களுக்குள்ள இப்படி ஒரு ஆளு இருக்காரா’ன்னு. தோசை அம்பத்தஞ்சு நிலைச்சிருச்சு. என்னைய வச்சு மாவட்டம் முழுக்க எல்லா ஓட்டல்லயும் ஏத்திக்கிட்டாவ.

அதுக்கப்புறம்தான் எங்க சங்கத் தலைவர் செல்வின் அண்ணாச்சி என்னைய வீட்டுக்குக் கூப்பிட்டு விட்டாவ. பாளையங்கோட்டையில மூணு பேக்கரி, ரெண்டு ஓட்டல் அவியளுக்கு. ‘கோமதிநாயகம், நீருதாம்வே நம்ம சங்கத்தோட வாய்’ன்னாவ. பொன்னாடை போத்தினாவ. போட்டோ கடையில மாட்டியிருக்கேன், வந்தாப் பாருங்க. இப்ப மாட்டியிருக்கேன்னா சொன்னேன்? இருந்துச்சு. கழத்திட்டேன்.

இங்கதான் சார் சனியன் பிடிச்சுது.

கடை ஆளுக பூராம் அந்த வீடியோவைப் பார்த்திருக்கானுவ. ஒரு நாள் மத்தியானம், சாப்பாட்டுக் கூட்டம் ஓஞ்சு நான் கல்லாவுல உக்காந்திருக்கேன், உத்தண்டு கையைத் துடைச்சிக்கிட்டே வந்து நிக்கான்.

“அண்ணாச்சி, சம்பளத்தைக் கொஞ்சம் ஏத்திப் போடுங்க. கட்டுப்படியாகல.”

“இந்த உலகத்துல யாருக்குல கட்டுப்படியாகுது?”

“வீட்ல அரிசி வாங்கினா பருப்பு வாங்க முடியல அண்ணாச்சி.”

“ஒனக்கு என்னல, மூணு வேளையும் இங்கதான திங்க!”

அவன் கையைத் துடைச்சிக்கிட்டே நின்னான். அவன் பேசவே மாட்டான் சார். தோசையைத் திருப்புறது மட்டுந்தான் தெரியும். ஆனா அந்தச் சாப்பாட்டு விஷயத்துலயே ஒரு சங்கதி இருக்கு, சொல்லிருதேன். கொஞ்ச நாளாவே அவன் மத்தியானம் கடையில சாப்பிடாம, ‘என் சாப்பாட்டைப் பொட்டலம் கட்டிக்கிடட்டா’ன்னு கேட்டுக்கிட்டு இருந்தான். நான் ஒரே வார்த்தையில சொல்லிட்டேன். இங்க உக்காந்து தின்னா அது அன்பு. கட்டிக் கொண்டுபோனா அது பார்சல். பார்சலுக்குத் தனி ரேட்டு. இன்னொரு கரண்டி சோறு கூடப் போட்டுத் தின்னு, நான் ஏன்னு கேக்க மாட்டேன், ஆனா வாசலைத் தாண்டப்படாது. இப்படிச் சொல்ல எந்த முதலாளிக்கு சார் மனசு வரும்? மத்த கடையில எல்லாம் மிஞ்சினதைத்தான் போடுவான்.

சரி, சம்பளத்துக்கு வாரேன். நின்னுக்கிட்டே இருந்தானா, எனக்குக் கோவம் வந்துட்டு. ‘போல, சர்க்கார் எம்புட்டுக் கொடுக்கச் சொல்லுதோ அம்புட்டும் கொடுத்திருதேன், போதுமா?’ன்னுட்டேன். சர்க்கார் எங்க சார் நம்ம அடுப்படிக்குள்ள எட்டிப் பார்க்கப் போவுது? ஓட்டல் தொழிலாளிக்கு இதுக்குக் குறைஞ்சு சம்பளம் கொடுக்கப்படாதுன்னு ஒரு தொகை எழுதி வச்சிருக்காவதான். ஆனா அது எழுதி எந்தக் காலம்! அந்தத் தொகைக்கு இப்ப ஒரு ஆளு வெத்திலைபாக்குப் போட்டுக்கிடலாம். நான் அதை விடக் கூடத்தான் கொடுத்தேன். தாராளமாச் சொன்னேன்.

என் வாய் முகூர்த்தம். ரெண்டு மாசத்துல கமிட்டி போட்டுட்டாவ.

விலைவாசி ஏறிப்போச்சாம், பழைய கூலி பத்தாதாம், புதுசா நிர்ணயம் பண்ணணுமாம். ஊர் ஊரா உக்காந்து ரெண்டு தரப்பையும் கேக்கப் போறாவளாம். திருநெல்வேலியில ஒரு நாள். முதலாளி பக்கம் யாரு பேசுறதுன்னு சங்கத்துல கேள்வி வந்ததுமே எல்லாரும் என்னையத்தான் பாக்காவ. கோமதிநாயகம் அழுதா ஆபீசரும் சேர்ந்து அழுவான்னாவ. செல்வின் அண்ணாச்சி என்னையத் தனியாக் கூப்பிட்டாவ.

“விலைவாசி ஏறவே இல்லைன்னு பேசணும்வே.”

எனக்குப் புரியல. “அண்ணாச்சி, ஏறிப்போச்சுன்னு அழுததே நான்தான?”

“அது தோசைக்கு. இது கூலிக்கு. தோசைக்குன்னா விலைவாசி ஏறியிருக்கு. கூலிக்குன்னா ஏறல.”

“ரெண்டுக்கும் ஒரே கடைத்தெருதான அண்ணாச்சி?”

“உம்மை யாருவே கடைத்தெருவுக்குப் போகச் சொன்னா? கமிட்டிக்குப் போங்கன்னுதான் சொல்லுதேன்.”

பெரிய மனுஷன் சொன்னா அதுல ஒரு அர்த்தம் இருக்கும்லா. நானும் ஒரு வாரம் வீட்லயும் கடையிலயும் அதையே சொல்லிப் பழகினேன். எண்ணெய் இறங்கிட்டு, உளுந்து இறங்கிட்டு, தக்காளி தெருவுல கிடக்கு, எடுக்க ஆளில்ல. கல்லாவுல உக்காந்து முணுமுணுன்னு சொல்லிக்கிட்டே இருந்தேனா, ரிட்டயர்டு கோஷ்டியில ஒருத்தர் காதுல விழுந்துட்டு. “அப்ப தோசையை நாப்பதுக்கே இறக்கிரலாமே நாயகம்?”ங்காரு. “சார், இது வேற தக்காளி”ன்னு சொல்லிச் சமாளிச்சேன்.

வீட்ல அதுக்கு மேல. ஆவுடையம்மா கேட்டுட்டு, மளிகைக்குக் கொடுத்த ரூவாயை அப்படியே திருப்பி என் கையில வச்சா. ‘எல்லாம் மலிஞ்சு கிடக்காம்லா, நீங்களே இதுல பாதியில வாங்கிட்டு வாங்க. மீதியை நீங்களே வச்சுக்கிடுங்க’ன்னுட்டு அடுப்பை அணைச்சிட்டா. நான் ஓட்டல் முதலாளி சார், ரெண்டு நாள் ராத்திரி என் கடையில இருந்தே இட்லி வாங்கிக் கொண்டுபோய்த் தின்னேன். அது பார்சல் இல்ல. கடை என்னது.

கமிட்டி அன்னைக்குக் காலையில இதே பஸ்ஸுதான். ஏறிப் பார்த்தா மூணாவது சீட்ல உத்தண்டு, வெள்ளை வேட்டி கட்டி, திருநீறு பூசிக்கிட்டு உக்காந்திருக்கான். தொழிலாளி பக்கம் பேசுறதுக்கு யூனியன்காரன் அவனைத்தான் வரச் சொல்லியிருக்கான். மத்த முதலாளியா இருந்தா மூஞ்சியைத் திருப்பியிருப்பான். நான் பக்கத்துல போய் உக்காந்தேன். அவனுக்கும் சேர்த்து டிக்கெட் நான்தான் எடுத்தேன். குறிச்சுக்கிடுங்க.

“நீ என்னல பேசப் போற?”

“எனக்கு எங்க அண்ணாச்சி பேச வரும்? நாலு பேரைக் கண்டா நாக்கு ஒட்டிக்கிடும்.”

“அப்புறம் எதுக்கு வார?”

“நீங்க பேசினதைத்தான் நம்பிப் போறேன்.”

எனக்கு மனசு இளகிப் போச்சு சார். என்ன இருந்தாலும் நம்ம உப்பைத் தின்னவன், நம்மளை விட்டுக்கொடுக்க மாட்டான்னு நினைச்சேன். புது பஸ் ஸ்டாண்டுல இறங்கினதும் அவனுக்கு ஒரு டீயும் வடையும் வாங்கிக் கொடுத்தேன். வடை சரியா வேகலன்னு ரெண்டு பேரும் ஒரே நேரத்துல சொன்னோம். தொழில்காரங்கல்லா.

கமிட்டின்னா நான் என்னமோ கோர்ட்டு மாதிரி இருக்கும்னு பார்த்தேன். ஒரு நீள மேசை, ஒரு ஃபேன், அது சுத்துனா கிறீச்சுன்னு கத்தும், நிறுத்துனா வேர்க்கும். நடுவுல ஒரு அம்மா. பெரிய ஆபீசர். நரைச்ச முடி, கையில ஒரு பென்சிலு. கோவமே படல. எனக்குக் கோவப்படுற ஆபீசர்னா பயமில்ல, சமாதானம் பண்ணிரலாம். இந்த மாதிரி அமைதியாக் கேக்கவங்களைக் கண்டாத்தான் பயம். இந்தப் பக்கம் செல்வின் அண்ணாச்சியும் நாங்களும். அந்தப் பக்கம் யூனியன்காரனும், பாத்திரம் கழுவுறவ, சப்ளையர்னு நாலஞ்சு பேரும். உத்தண்டு ஓரமா இருந்தான்.

முதல்ல நான் எந்திரிச்சேன். பழகினதை அப்படியே ஒப்பிச்சேன். எண்ணெய் இறங்கிட்டு, உளுந்து இறங்கிட்டு, தக்காளி தெருவுல கிடக்கு. அந்த அம்மா பென்சிலை உருட்டிக்கிட்டே கேட்டாவ.

“உங்க ஓட்டல்ல தொழிலாளிக்குச் சாப்பாடு உண்டா?”

இது எனக்குப் பழம் நழுவிப் பால்ல விழுந்த மாதிரி. “உண்டும்மா! மூணு வேளை. அளவே கிடையாது. எம்புட்டு வேணும்னாலும் திங்கலாம்.”

“அவர் வீட்ல இருக்கவங்க?”

“அவிய வீட்ல தின்பாவ.”

“எதை?”

இது என்ன சார் கேள்வி? வீட்ல பொங்கினதைத்தான் தின்பாவ. அடுத்தவன் வீட்டு அடுக்களையை எட்டிப் பாக்கறது எனக்குப் பழக்கமில்ல. ஆனா சும்மா நின்னா நல்லா இருக்காதேன்னு, நம்ம கடை ஒழுங்கைச் சொல்லுவோம்னு சொன்னேன். “அம்மா, எங்க கடையில சாப்பாடு விஷயத்துல ரொம்பக் கண்டிப்பு. இந்த உத்தண்டு மத்தியானச் சாப்பாட்டைத் தின்னாம வீட்டுக்குக் கட்டிக்கிடுதேன்னு கேட்டான். நான் விடல. உக்காந்து தின்னாத்தான் உண்டுன்னுட்டேன்.”

அந்த அம்மா பென்சிலை உருட்டுறதை நிறுத்திட்டாவ. ஃபேன் மட்டும் கத்துது. பாத்திரம் கழுவுற பொம்பளை உத்தண்டைத் திரும்பிப் பார்த்தா. அவன் குனிஞ்சுக்கிட்டான். செல்வின் அண்ணாச்சி மேசைக்கு அடியில என் காலை மிதிக்காவ. சரி, நல்ல பாயிண்ட்டு சொல்லிட்டோம் போல, அதான் பாராட்டுதாவன்னு நினைச்சேன்.

அப்புறம் உத்தண்டைக் கூப்பிட்டாவ. எந்திரிச்சான். வேட்டியைச் சரி பண்ணினான். தொண்டையைச் செருமினான். ஒண்ணும் வரல.

“பயப்படாம சொல்லுங்க”ன்னாவ அந்த அம்மா.

“எனக்குப் பேச வராதும்மா. எங்க முதலாளி நல்லாப் பேசுவாரு. அவரு பேசினதையே போட்டுக் காட்டுதேன்.”

செல்போனை எடுத்து மேசை மேல வச்சு அமுக்கிட்டான் சார்!

என் குரலு. கணீர்னு. ‘அய்யா, பெரியவங்களே, நீங்களே சொல்லுங்க. இன்னைக்கு ஒரு மனுஷன் மூணு வேளை வயிறாரத் தின்ன முடியுமா…’ அந்த அம்மா போனைக் கிட்ட இழுத்துப் பாக்காவ. கமிட்டி மெம்பர் பூராம் தலையை நீட்டுதான். ‘ஒரு குடும்பத்துல நாலு உசுரு இருந்தா அந்த வீட்ல அடுப்பு எப்படி எரியும்…’ உள்ளதைச் சொல்லுதேன் சார், நான் அதை முழுசா உக்காந்து கேட்டதே அன்னைக்குத்தான். என்னமாப் பேசியிருக்கேன்! ‘புள்ளைகுட்டிக்காரன் எப்படிப் பிழைப்பான்’ங்கும்போது என் கண்ணுல இருந்து பொலபொலன்னு தண்ணி. அங்க வத்தல் நெடி ஏது? தன்னால வருது.

“இது நீங்கதானா?”ன்னாவ அந்த அம்மா.

“நான்தாம்மா.”

“இதுல நீங்க சொன்னது உண்மையா?”

இப்ப நீங்க சொல்லுங்க சார். நான் என்ன செய்ய? பொய்யின்னு சொன்னா, தோசை விலையைப் பொய் சொல்லி ஏத்தினவன்னு ஊர்ல போய் எப்படி மூஞ்சியைக் காட்டுவேன்? பின்னால பத்திரிகைக்காரன் ரெண்டு பேரு வேற நிக்கான். அதை விட, அம்புட்டு நல்லாப் பேசினதைப் பொய்யின்னு சொல்ல வாய் வருமா?

“சங்கரலிங்க சாமி மேல சத்தியமா உண்மைம்மா.”

“இப்ப விலை இறங்கிட்டுன்னு சொன்னீங்களே?”

“எங்கம்மா இறங்கிச்சு? நான் அன்னைக்குச் சொன்னதை விட இப்பக் கூடத்தாம்மா ஆகும். எங்க வீட்ல ரெண்டு நாளா அடுப்பே எரியல!”

அந்த அம்மா எழுதிக்கிட்டாவ. ‘முதலாளிகள் தரப்பே ஒப்புக்கொள்கிறது’ன்னு சத்தமாச் சொல்லிக்கிட்டே எழுதினாவ. அந்தப் பக்கம் யூனியன்காரன் கை தட்டுதான். நான் அதை எனக்குன்னு நினைச்சு ஒரு கும்பிடு போட்டேன்.

வெளிய வந்ததும் செல்வின் அண்ணாச்சி பேசின பேச்சை நான் உங்ககிட்டச் சொல்ல மாட்டேன், பஸ்ல பொம்பளையாளுக இருக்காவ. ‘உம்மை யாருவே அழச் சொன்னா?’ன்னு கடைசியில கேட்டாவ. ‘நீங்கள்லாம்தான அண்ணாச்சி சொன்னிய, கோமதிநாயகம் அழுதா ஆபீசரும் சேர்ந்து அழுவான்னு’ன்னேன். செருப்பைக் கழத்தப் போனாவ. கூட இருந்தவிய பிடிச்சிக்கிட்டாவ.

உத்தண்டு திரும்பி வரையில என் பக்கத்துல உக்காரல. பின் சீட்டுக்குப் போயிட்டான். மானூர் தாண்டுற வரைக்கும் வீம்புக்கு இருந்து பார்த்தேன். அப்புறம் நானே எந்திரிச்சுப் போனேன்.

“ஏல, அந்தப் பொட்டலம் கேட்டது யாருக்கு? உங்க வீட்ல ரெண்டும் பொட்டப் புள்ளைதான?”

“ஆமா அண்ணாச்சி.”

“மத்தியானம் ஸ்கூல்ல சோறு போடுவானே.”

“புள்ளைகளுக்குப் போடுவாவ.”

மிச்சம் யாரு, அவன் பொண்டாட்டிதான். பெரிய ஆளு, அவளுக்கு என்ன, எப்படியாவது சமாளிச்சுக்கிடுவா. நான் மேக்கொண்டு கேக்கல. ஜன்னல் வழியா வெளிய பார்த்துக்கிட்டு வந்தேன். அந்த மானூர்க் குளம் நிறைய தண்ணி கிடந்துச்சு அன்னைக்கு.

ஆர்டர் வந்துட்டு சார். கெசட்டுல போட்டுட்டாவ. சம்பளம் ஏறினது பத்தாதுன்னு, விலைவாசி ஏற ஏறச் சம்பளமும் கூடவே ஏறணும்னு பஞ்சப்படி வேற. உங்களுக்கு அது உண்டுல்லா? ஆறு மாசத்துக்கு ஒருக்க வாங்குதியளா? மூணு மாசத்துக்கு ஒருக்கவா! நீங்க வாங்குங்க சார், நீங்க பாங்க்குல உக்காந்து மூளையைக் கசக்குதிய. தோசைக்கு எதுக்குப் பஞ்சப்படி? வாரத்துல ஒரு நாள் லீவு கண்டிப்பா விடணும்னு ஒரு ஆபீசர் கடைக்கே வந்து சொல்லிட்டுப் போனாரு. கொடுக்கேன். வேற வழி? சர்க்கார் சொன்னதைக் கொடுப்பேன்னு நான்தான வாயை விட்டேன்.

அழிஞ்சிருவேன்னுதான் நினைச்சேன். ஆனா என்னமோ தெரியல, நாலஞ்சு மாசமாக் கடையில கூட்டம் தாங்கல. காப்பிக்கடைச் சப்ளையர், மெஸ்ஸுல மாவாட்டுறவன், பக்கத்து ஓட்டல்ல பாத்திரம் கழுவுறவன், இவனுவெல்லாம் முன்ன வாசல்ல நின்னு ஒரு டீ குடிச்சிட்டுப் போவானுவ. இப்பக் குடும்பத்தோட வந்து உக்காந்து ரோஸ்ட்டு கேக்கானுவ. எனக்கு என்ன நேரம்னே புரியல. ஆவுடையம்மா கோமதியம்மனுக்கு நேர்ந்துக்கிட்டதுதான் காரணம்னு நினைக்கேன். பழைய கல்லு ஒண்ணு பத்தல. அதான் புதுசா இந்த வயித்தெரிச்சலைச் சுமந்துக்கிட்டு வாரேன்.

இருங்க, முக்கியமானதைச் சொல்லல.

போன ஞாயித்துக்கிழமை. உத்தண்டுக்கு லீவு, கல்லுல வேற ஆளு. அன்னைக்குன்னு பார்த்து சப்ளையர் ரெண்டு பேரும் ஒரே கல்யாணத்துக்குப் போயிட்டானுவ. கல்லாவுல ஆவுடையம்மாளை உக்கார வச்சிட்டு, நான் தோள்ல துண்டைப் போட்டுக்கிட்டு இலை எடுக்கேன், தண்ணி வைக்கேன், ஓடுதேன். எத்தனையோ வருஷத்துக்கப்புறம் கையில வாளி. பத்து மணிக்கெல்லாம் முட்டி ரெண்டும் கழண்டுட்டு. யாரோ உள்ள வந்து உக்காந்தாவ. நிமிர்ந்து பார்த்தா உத்தண்டு, பொண்டாட்டி, ரெண்டு பொண்ணு.

உத்தண்டு என்னைய வாளியோட பார்த்ததும் எந்திரிச்சிட்டான். ‘மாவு எப்படி இருக்குன்னு பார்த்துட்டு வாரேன்’னு அடுப்படிக்குள்ள ஓடிட்டான். லீவு அன்னைக்கும் மாவைப் பார்க்காம அவனால இருக்க முடியாது. அவன் பொண்டாட்டி கிராமத்துல இருந்து வாரவ, என்னைய முன்னப் பின்னப் பார்த்ததில்ல. விலைப் பலகையை ரொம்ப நேரம் பார்த்தா.

“இந்த விலைக்கு யாரு வாங்கித் தின்பா?”ங்கா.

“எல்லாரும் தின்னுதாவம்மா. என்ன வேணும், சொல்லுங்க.”

“நாலு தோசை கொண்டாங்க அண்ணாச்சி.”

வச்சேன். ரெண்டு பொண்ணும் தின்ன தீனி இருக்கே! சின்னவ சட்னி கேக்கா, வைக்கேன். திரும்பினா சாம்பார் கேக்கா. அங்க இருந்து இங்க, இங்க இருந்து அங்க. பெரியவ, ‘முறுகலா இல்ல, எங்க அப்பா ஊத்தினா இன்னும் முறுகலா இருக்கும்’ங்கா. எங்கிட்டயே! அந்தப் பொம்பளை மட்டும் பையப் பைய, பிச்சுப் பிச்சுத் தின்னுதா. பாதியில நிமிர்ந்து என்னையப் பார்த்தா. எனக்கு வேர்த்து ஊத்துது.

“வயசான காலத்துல இப்படி ஓட விடுதாரே. உங்க முதலாளி சம்பளமாவது ஒழுங்காத் தாராரா?”

நான் என்ன சார் சொல்ல? “தாராரும்மா. சர்க்கார் சொன்னதைத் தாராரு.”

“கேட்டு வாங்கிக்கிடுங்க. கேக்கலைன்னா தர மாட்டாராம்.”

கைகழுவப் போகையில, டம்ளருக்கு அடியில ஒரு பத்து ரூவாயை வச்சா. ‘உங்களுக்குத்தான் அண்ணாச்சி, டீ குடிங்க’ன்னா. அந்நேரம் பார்த்து உத்தண்டு அடுப்படியில இருந்து வாரான். ரூவாயைப் பாக்கான், என்னையப் பாக்கான், மூஞ்சி வெளுத்துட்டு. ‘ஏய், அவிய யாருன்னு…’ன்னு ஆரம்பிச்சான். நான் வாய் மேல விரலை வச்சு, பேசாம இருலன்னு ஜாடை காட்டிட்டேன். புள்ளைக முன்னால எதுக்கு?

அவிய போனதுக்கப்புறம் டம்ளரை எடுத்தேன். ஆவுடையம்மா கல்லாவுல இருந்து கையை நீட்டுதா, ‘இங்க போடுங்க’ன்னு. நான் கொடுக்கல. சட்டைப்பையில வச்சுக்கிட்டேன். ஏன் கொடுக்கணும்? அது கடைக் காசு இல்லையே சார். நான் ஓடி ஓடி வேலை பார்த்துச் சம்பாதிச்சது.

பனவடலி வந்துட்டு, பாருங்க. ஆனா ஒண்ணு சார், மனசுல இருக்கதைச் சொல்லிருதேன். நான் அன்னைக்கு ஓடின ஓட்டத்துக்கு, இந்த விலைவாசியில, பத்து ரூவா ரொம்பக் கம்மி.